தாத்தாவுக்கு வந்திருப்பது சோம்பல் இல்லை

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தாவுக்குக் கையும் காலும் ஓரளவு சரியாகிவிட்டன, ஆனாலும் குளித்துவிட்டு வந்தாலே படுத்துக்கொள்கிறார், சோம்பேறியாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசிச் சொல்லை அடித்துவிடு.

மிளகு பறிக்க முப்பது வருஷம் ஏணி ஏறிய மனுஷர் அவர். பக்கவாதம் தாக்கியது அவர் மூளையை. உடம்பின் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அது அடிபட்டால் சட்டைப் பொத்தான் போடுவதுகூடப் பெரிய வேலை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் களைப்பு உண்டு, லேசாக வந்துபோனவர்களுக்கும்கூட. தூங்கி எழுந்தாலும் தீராது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் எம்.ஜி.ஆர். கதையைச் சொல்கிறார்களாமே. 1984 அக்டோபரில் படுத்தவர், புரூக்ளினில் சிகிச்சை பெற்று, 1985 பிப்ரவரியில் திரும்பி மறுபடி முதலமைச்சர் ஆனார், உண்மைதான். அவருக்குப் பேச்சு பழையபடி வரவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு தாத்தா தன்னையே நொந்துகொள்கிறார் என்பதுதான் என் கவலை.

காலையில்தான் அவருக்குத் தெம்பு. நடை, கைப்பயிற்சி எல்லாம் அப்போதே முடியட்டும். களைத்து விழுவதற்கு முன்பே ஓய்வு கொடு. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குப் போய்வந்த மறுநாள் எந்த வேலையும் வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, குறட்டை, மாத்திரைகள் இவற்றாலும் களைப்பு கூடும். டாக்டரிடம் கேள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரி.

இன்னொன்றையும் கவனி. மழை பெய்து காப்பி பூத்தால், எழ முடியாவிட்டாலும் "வாசம் வருதா?" என்று கேட்கிறவர் அவர். அப்படிப்பட்டவருக்கு இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் உங்களுக்குப் பாரம்" என்கிறார் என்றால் அது வெறும் களைப்பு இல்லை, மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு வருவது. மருந்தும் பேச்சும் குணப்படுத்தும். மனநல உதவிக்கான டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. காசில்லை, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே கூப்பிடு, அவரைத் தனியே விடாதே.

சித்திரையில் வருகிறேன். அதுவரை அவர் படுக்கும்போது டிவியை அணைத்துவிடு கண்ணு.

உன் பெரியம்மா