விடையை விடு, பிழையைப் பார்

பண்பொழி

அன்புள்ள தங்கைக்கு,

மனிதர் எப்படிப் பார்க்கிறார், எப்படிக் கற்கிறார் என்பதைக் கணிப்பொறியில் மாடலாகக் கட்டிப் பார்க்கும் வேலைக்கு வருகிறாய். வந்ததுமே உன் கையில் ஓர் அளவுகோலைக் கொடுப்பார்கள்: நூற்றுக்கு எத்தனை சரி. நூறு படங்களில் மனிதர் தொண்ணூற்றைந்தை அடையாளம் கண்டு, மாடலும் தொண்ணூற்றைந்தைக் கண்டுவிட்டால், அது மனிதரைப் போலவே பார்க்கிறது என்று எழுதிவிடுவார்கள். அந்த அளவுகோலை நம்பி இருந்துவிடாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மாடல் எங்கே தப்பு விடுகிறது, அது மனிதர் விடும் தப்புதானா, எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்பவைதான் உன் துறையின் கேள்விகள். கணக்கு வாத்தியார் கடைசி வரியை மட்டும் பார்த்து மார்க் போடுவதில்லை, வழியையும் பார்ப்பார். தானே போட்டவனும் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதியவனும் விடை சரியாக இருக்கிறவரை ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். விடை தப்பும்போதுதான் யார் எந்த வழியில் வந்தார் என்பது வெளியே வரும்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்கலாம். தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனால், வெளிச்சம் மேலிருந்து சாய்வாக விழும் நேரம் பார்த்து ஒரு கல்வெட்டைப் போனில் படம் எடு. பிறகு படத்தைத் தலைகீழாக்கிப் பார். கல்லில் குழிந்திருந்த எழுத்துகள் பெரும்பாலும் புடைத்து நிற்பதாகத் தோன்றும். குழிந்த கோட்டில் மேல் விளிம்பு நிழலிலும் கீழ் விளிம்பு வெளிச்சத்திலும் இருக்கும். புடைப்பில் அது அப்படியே மாறிவிடும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் பார்வை ஒரு முடிவோடு இருப்பதால், படத்தைக் கவிழ்த்ததும் குழியை மேடாக்கிவிடுகிறது. அது செதுக்கிய எழுத்துதான் என்று உனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் தெரிந்தது உதவாது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், நிழலிட்ட வட்டங்களை வைத்து 1988-இல் இதை விரிவாக ஆராய்ந்தார். காட்சி முழுவதற்கும் ஒரே ஒரு விளக்குதான் இருக்கிறது என்றும் பார்வை எண்ணிக்கொள்கிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. இப்போது இரண்டு மாடல்களை வைத்துக்கொள். ஒன்று, படத்தை எப்படித் திருப்பினாலும் ஆழத்தைச் சரியாகச் சொல்கிறது. இன்னொன்று, கவிழ்த்ததும் நம்மைப் போலவே ஏமாறுகிறது. அளப்பதற்குக் கருவி வேண்டும் என்றால் முதலாவதை வாங்கலாம். மனிதப் பார்வையைப் பற்றி எதையாவது சொல்லக்கூடியது இரண்டாவதுதான்.

இன்று பெயர் பெற்ற நியூரல் நெட்வொர்க் மாடல்கள் மூளையைப் பார்த்துப் பிறந்தவை என்பதால், அவை நம்மைப் போலத்தான் பார்க்கும் என்ற மயக்கம் எளிதில் வருகிறது. குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டுக்கு மட்டும் துடிக்கும் நியூரான்களைப் பூனையின் மூளையில் ஹூபலும் வீசலும் கண்டு 1959-இல் எழுதினார்கள். இத்தகைய நியூரான்கள் அடுக்கடுக்காக வேலை செய்கின்றன என்ற அவர்கள் எண்ணத்தைக் கொண்டே 1980-இல் ஜப்பானின் குனிஹிகோ ஃபுகுஷிமா நியோகாக்னிட்ரான் என்ற நெட்வொர்க்கைக் கட்டினார். அதே குடும்பத்தில் வந்த அலெக்ஸ்நெட் 2012-இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் மற்றவற்றை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. குடும்பம் ஒன்றுதான், பார்வை ஒன்றல்ல. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே, நம் கண்ணுக்குத் தென்படாத அளவுக்குப் பிக்சல்களைச் சற்றே மாற்றினால் போதும், இந்த நெட்வொர்க்குகள் பேருந்தை நெருப்புக்கோழி என்று சொல்லும் என்பது தெரிந்துவிட்டது. 2019-இல் ராபர்ட் கெய்ரோஸும் அவர் கூட்டாளிகளும் பூனையின் உருவத்துக்கு யானைத் தோலைப் போர்த்திய படங்களைக் காட்டினார்கள். மனிதர் உருவத்தைப் பார்த்துப் பூனை என்றார்கள். நெட்வொர்க் தோலைப் பார்த்து யானை என்றது. சாதாரணப் படங்களில் இருவரும் வாங்கிய மார்க் கிட்டத்தட்ட ஒன்று. வழி வேறு என்பதை அந்த மார்க் ஒருநாளும் காட்டியிருக்காது.

மனிதப் பக்கத்துப் பிழைகளுக்கு இந்தியாவிலேயே அரிய சான்று இருக்கிறது. எம்.ஐ.டி.யின் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம், பிறவிக் கண்புரையால் பார்வையின்றி வளர்ந்த குழந்தைகளை வட இந்தியக் கிராமங்களில் தேடிக் கண்டு, டெல்லியில் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. பார்வை வந்த பிறகு அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்பதையும் பதிவு செய்கிறது. தொட்டு மட்டுமே அறிந்த பொருளைப் பார்வை வந்ததும் கண்ணால் இனம் காண முடியுமா என்று 1688-இல் வில்லியம் மொலினோ தத்துவஞானி ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டிருந்தார். அதற்கு 2011-இல் இந்தத் திட்டத்திலிருந்து ஒரு விடை வந்தது. எட்டு முதல் பதினேழு வயதுக்குட்பட்ட ஐந்து பேர், அறுவை சிகிச்சை முடிந்த ஓரிரு நாளில், பார்த்ததைப் பார்த்ததோடு நூற்றுக்கு 92 முறை பொருத்தினார்கள். தொட்டதைத் தொட்டதோடு 98 முறை. தொட்டதைக் கண்ணால் இனம் காணச் சொன்னபோது 58 தான், அதாவது காசு சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். ஆனால் சில நாட்களிலேயே அது கணிசமாக ஏறியது. அதற்கு முன், 2009-இல், தாமதமாகப் பார்வை பெற்ற மூவரிடம் செய்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த சதுரத்தையும் வட்டத்தையும் காட்டினால், கோடுகள் வெட்டிக்கொண்டு உண்டான ஒவ்வொரு துண்டையும் அவர்கள் தனிப்பொருளாகவே எண்ணினார்கள். உருவங்களில் ஒன்றை அசைத்துக் காட்டியதும் பொருள்கள் பிரிந்து தெரிந்தன. ஒன்றாக அசைவது ஒரே பொருள் என்பதுதான் பார்வை முதலில் பற்றிக்கொள்ளும் பிடி என்று இந்தப் பிழை நமக்குச் சொல்லிக்கொடுத்தது. எல்லாவற்றையும் சரியாகப் பார்ப்பவரை நூறு வருடம் சோதித்தாலும் இது கிடைத்திருக்குமா?

இந்த இடத்தில்தான் மாடல் தன் வேலையைக் காட்டியது. பிறந்த குழந்தைக்கு உலகம் மங்கலாகத் தெரியும், நிறமும் சரியாகப் பிடிபடாது; இரண்டும் மாதக்கணக்கில் மெல்லத் தேறும். இதைக் குறை என்றே பலரும் நினைத்திருந்தார்கள். தாமதமாகப் பார்வை பெற்ற குழந்தைகளோ இந்த மங்கல் பருவத்தைத் தாண்டி, முதிர்ந்த விழித்திரையோடும் முழு நிறத்தோடும் பார்க்கத் தொடங்குகிறார்கள். முகங்களைப் பிரித்தறிவது அவர்களுக்குக் கடினமாகவே இருக்கிறது. படத்திலிருந்து நிறத்தை எடுத்துவிட்டால் பொருளை இனம் காண்பதிலும் நன்றாகவே சறுக்குகிறார்கள். பிறவியிலேயே பார்வையுள்ள குழந்தைகளுக்குக் கறுப்பு வெள்ளைப் படம் பெரிய தொல்லை இல்லை. சின்ஹாவின் குழு, முதலில் மங்கிய முகப்படங்களையும் பிறகு தெளிந்தவற்றையும் கொடுத்து ஒரு நெட்வொர்க்கைப் பழக்கி 2018-இல் வெளியிட்டது. முதலில் கறுப்பு வெள்ளை, பிறகு நிறம் என்று பழக்கி 2024-இல் வெளியிட்டது. அப்படிப் பழகியவை மங்கலிலும் நிறமின்மையிலும் தாக்குப்பிடித்தன. தொடக்கத்திலிருந்தே தெளிவும் நிறமும் பெற்றவை, தாமதமாகப் பார்வை பெற்ற குழந்தைகள் சறுக்கிய இடத்திலேயே சறுக்கின. குறை என்று நினைத்தது கற்றலுக்கு ஒரு படி என்ற எண்ணம் இப்படித்தான் வலுப்பெற்றது. ஆனால் இதற்கு மேல் ஓர் அடியும் தாண்டி எழுதிவிடாதே. அந்தக் குழந்தைகளுக்கு மங்கல் பருவம் மட்டும் தவறவில்லை, பல வருடப் பார்வையும் தவறியிருக்கிறது. இந்த வரிசை ஒன்றே அப்படிப்பட்ட விளைவைத் தரப் போதும் என்று நெட்வொர்க் காட்டுகிறது. மூளைக்குள் நடந்தது அதுவேதான் என்று அது காட்டவில்லை.

இனி உன்னிடம் வரப்போகும் ஆட்சேபங்கள். முதலாவது: வேலை நடந்தால் போதாதா, மனிதரைப் போலப் பார்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? நியாயமான கேள்வி. விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரை நோயின் பாதிப்பைக் கண்டறியும் மாடலை கூகுள் குழு 2016-இல் வெளியிட்டது. அதைப் பழக்கிய 1,28,175 படங்களில் அரவிந்த், சங்கர நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் உண்டு. அது மருத்துவரைப் போலச் சிந்திக்க வேண்டியதில்லை, நோயைத் தவறவிடாமல் இருந்தால் போதும். இருந்தாலும் இதே குடும்பத்துக் கருவியைத் தாய்லாந்தின் கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட படங்களைத் தரம் போதாது என்று தள்ளிவிட்டது. அறை வெளிச்சம் சரியில்லாததும் ஒரு காரணம். எங்கே தப்பும் என்று தெரியாமல் கருவியைக்கூட நம்பிக் கையில் கொடுக்க முடியாது. கருவி செய்வதும் நல்ல தொழில்தான். மத்தளம்பாறைக்கு ஸோஹோ நிறுவனம் வந்த பிறகு, தென்காசியில் இருந்துகொண்டே மென்பொருள் செய்து பிழைக்கலாம் என்பதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கருவியைச் செய்துவிட்டு மூளையை விளக்கிவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. வெளியே தெரியும் விடையை ஏன் பார்க்கிறாய், உள்ளே பார், நெட்வொர்க்கின் அடுக்குகளை வைத்துக் குரங்கு மூளையின் நியூரான்கள் எப்படித் துடிக்கும் என்று கணிக்க முடிகிறதே என்பார்கள். உண்மைதான், யாமின்ஸும் டிகார்லோவும் 2014-இல் அதைக் காட்டினார்கள். படங்களை இனம் காணும் திறன் ஏற ஏற இந்தப் பொருத்தமும் ஏறியது. ஒரு கட்டத்துக்குப் பிறகு திறன் மட்டும் ஏறியது, பொருத்தம் அங்கேயே நின்றது. ஒன்றுக்கொன்று மிக வேறுபட்ட அமைப்புகள் ஏறக்குறைய ஒரே பொருத்தத்தைத் தரும்போது, எதை நம்புவது? அங்கேயும் பிழைதான் பிரித்துக் காட்ட வேண்டும். உள்ளமைப்பை முழுக்க வரைந்துவிட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கும் பதில் உண்டு. 302 நியூரான்கள் மட்டுமே உள்ள ஒரு புழுவின் இணைப்பு வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. அந்தப் புழு செய்வதையெல்லாம் அதிலிருந்து இன்னும் சொல்லிவிட முடியவில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட தரணி என்ற தொகுப்பு, கருவிலுள்ள மூளையை 5,132 துண்டங்களில் செல் செல்லாகக் காட்டுகிறது. உலகத்தரமான வேலை, அதைப் பயன்படுத்து. ஆனால் வரைபடம் கேள்வி கேட்காது, கேள்வி உன்னிடமிருந்துதான் வர வேண்டும்.

மூன்றாவது: மனிதப் பிழைதான் அளவுகோல் என்றால், அந்தப் பிழையையும் சேர்த்துப் பழக்கிவிட்டால் போயிற்றே என்று சொல்லுவார்கள். சொல்லிக்கொடுத்து வந்த பிழைக்கு மதிப்பில்லை. வேறொரு காரணத்துக்காகக் கட்டிய மாடல், கேட்காமலே கொண்டுவந்து வைக்கும் பிழைதான் சான்று. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் கதையைப் பார். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டே கற்கும் கணக்கை 1980-களில் சட்டனும் பார்ட்டோவும் எந்திரங்களுக்காக உருவாக்கினார்கள். குரங்கின் டோபமைன் நியூரான்களை அளந்துகொண்டிருந்த ஷுல்ட்ஸின் பதிவுகள் அந்தக் கணக்கோடு பொருந்துவதை ஷுல்ட்ஸ், டயன், மான்டேக் மூவரும் 1997-இல் எழுதினார்கள். எதிர்பாராமல் பழச்சாறு வந்தால் நியூரான் துடிக்கும். வரும் என்று பழகிவிட்டால், சாறு வரும்போது அல்ல, அதை அறிவிக்கும் விளக்கு எரியும்போதே துடிக்கும். வர வேண்டிய சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்த நொடியில் அது அடங்கிப்போகும். அந்த அடக்கத்தை யாரும் கணக்குக்குள் திணிக்கவில்லை. கணக்கின் போக்கிலேயே அது வந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் வி. ஸ்ரீநிவாச சக்கரவர்த்தி பார்க்கின்சன் நோயை மாடலாக்குவதும் இந்த வழியில்தான்: டோபமைன் குறைந்தால் மாடல் எங்கே தடுமாறுகிறது, நோயாளியும் அங்கேதான் தடுமாறுகிறாரா?

ஆகவே உனக்கு நான் சொல்வது இரண்டு காரியங்கள். மாடலோடு செலவிடும் நேரத்துக்குக் குறையாமல் மனிதரோடு செலவிடு. ஆஸ்திரேலியாவில் ஒரே ஒரு குழந்தையின் தலையில் மாட்டிய கேமரா பதிந்த 61 மணி நேரத்தைக் கொண்டு ஒரு நெட்வொர்க் சில சொற்களைப் பொருளோடு சேர்க்கக் கற்றதாக 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் குழந்தை கேட்டது ஆங்கிலம். தமிழ்க் குழந்தையின் காதில் பந்து என்ற சொல் தனியாகவும் விழும். பந்தை, பந்தோடு, பந்துக்குள் என்று ஒட்டோடும் விழும். அந்த மாடல் இங்கே எங்கே தடுக்கும், நம் குழந்தைகளும் அங்கே தடுக்குகிறார்களா என்று பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பெற்றோரின் மனமார்ந்த சம்மதமும் பொறுமையும் வேண்டும். பிரகாஷ் திட்டத்தில் சிகிச்சைதான் முதலில், ஆய்வு அதற்குப் பின்னால் என்பதையும் மறந்துவிடாதே. இரண்டாவது காரியம் ஒரு பழக்கம். மாடலை ஓட்டும் முன்பே, எந்த முடிவு வந்தால் இதைக் கைவிடுவேன் என்று ஒரு வரி எழுதித் தேதி போட்டு வை. அந்த வரியை எழுத வரவில்லை என்றால், நீ கட்டியிருப்பது மூளையைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். ஓட்டாதே, கேள்வியைத் திருத்து. எழுத வந்து, அந்த முடிவும் வந்துவிட்டால், வருத்தப்படாமல் அதை முதலில் வெளியிடு. மாடல் எங்கே தோற்றது என்று தெளிவாகச் சொல்லும் ஒரு கட்டுரை, தொண்ணூற்றைந்து மார்க் வாங்கிய பத்துக் கட்டுரைகளைவிட அடுத்து வருபவருக்கு உதவும்.

அன்புடன்,
உன் அண்ணன்