வீடே முதற் கோவில்: நத்தாரை நம் கைகளால் ஆயத்தஞ் செய்வோம்

திருவருகைக் காலம் தொடங்கியதும் கோவிலில் ஊதா நிறம் தோன்றுகிறது. பாடற்குழுவினர் பயிற்சி தொடங்குகின்றனர். இளைஞர் மன்றத்தினர் குடிலுக்குத் தடி தேடுகின்றனர். நம் வீட்டில் என்ன தொடங்குகிறது? இக்கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் தன்னையே கேட்டுப் பார்ப்பது நல்லது. கேக் கடையிலிருந்து வருகிறது. நட்சத்திரம் பிளாஸ்ரிக்கில் மடித்தபடி வருகிறது. வாழ்த்துக் கைத்தொலைபேசியில் வருகிறது. எல்லாம் வந்துவிடுகின்றன, ஆனால் தாயும் தகப்பனும் பிள்ளையும் பேரனாரும் பேத்தியாரும் ஒன்றாய் இருந்து எதையும் செய்த நேரம் மட்டும் வருவதில்லை. அந்நேரத்தைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. வீட்டில் ஏன்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, குடும்பத்தை இல்லத் திருச்சபை எனக் குறிப்பிடுகிறது. சொல்லாலும் நடத்தையாலும் தம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதன்முதல் அறிவிப்பவர்கள் பெற்றோரே என்றும் அது கற்பிக்கிறது. மறைக்கல்வி ஆசிரியரும் பங்குக் குரவரும் அதற்குப் பின்னரே வருகின்றனர்.

இது நமக்குப் புதுப் போதனையன்று. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். நம் முன்னோரின் வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் கோவாவிலிருந்து புனித யோசேவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது வருடங்கள் குருவானவரின்றியே கழிந்தன. அந்த முப்பது வருடமும் செபத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? தாய்மாரும் பாட்டிமாருமே. அடிகளார் வந்த பின்னரும் திருப்பலி வீடுகளிலேயே மறைவாக நடந்தது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், திருப்பலிக்கென வீட்டில் கூடிய யாழ்ப்பாணக் கத்தோலிக்கரை ஒல்லாந்தப் படையினர் வளைத்துப் பிடித்தனர் என வரலாறு கூறுகிறது. வீடு கோவிலாய் இருந்தபடியாலேதான் இன்று நமக்குக் கோவில் இருக்கிறது என்றால் அது மிகையாகாது. 2015 ஜனவரி 14இல் காலிமுகத் திடலில் அவ்வடிகளார் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அந்த வீடுகளும் மகிமை பெற்றன அன்றோ?

2. குடில் கட்டுதல்

1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்னும் மலைக் கிராமத்தில் புனித அசிசி பிரான்சிஸ் நத்தாரைக் கொண்டாடிய விதம் யாவரும் அறிந்ததே. சுரூபங்கள் அங்கு இருக்கவில்லை. தீவனத் தொட்டி ஒன்று, வைக்கோல், ஓர் எருது, ஒரு கழுதை, இவ்வளவுதான். தொட்டியின் மேல் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. பாலன் எவ்வளவு ஏழ்மையில் பிறந்தார் என்பதை மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பதே புனிதரின் ஆசை. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1ஆந் திகதி அதே கிரேச்சோவுக்குச் சென்று, குடிலைப் பற்றிய திருமடல் ஒன்றில் கையொப்பமிட்டார். வீடுகளில் குடில் அமைக்கும் வழக்கம் கைவிடப்படலாகாது என்பது அதன் சாரம்.

எனவே குடிலுக்குப் பணம் வேண்டியதில்லை. வெறுமையான சீமேந்துப் பை இரண்டு போதும். முற்றத்தில் வைத்து நன்றாகத் தூசி தட்டி, தைத்த ஓரத்தைப் பிரித்து, கையால் கசக்கி விரித்தால் மலைக் குகையின் மடிப்புகள் தாமாகவே வந்துவிடும். கரித்தூள், சுண்ணாம்பு, செங்கட்டித் தூள் ஆகியவற்றைத் தனித்தனியே பசையிற் கரைத்துப் பூசினால் கல்லின் நிறம் கிடைக்கும். சுண்ணாம்பைப் பெரியவர்களே கரைத்துப் பூசட்டும். சிறுவரின் கைக்கும் கண்ணுக்கும் அது ஆகாது. டிசம்பர் பத்தாந் திகதியளவில் சிரட்டைகளில் மண் இட்டு ஊறவைத்த நெல்லைத் தூவி நீர் தெளித்து வந்தால், நத்தாருக்குக் குடிலைச் சுற்றிப் பச்சை வயல் நிற்கும்.

பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை முதலில் சிறிது பச்சைத் தண்ணீரிற் கட்டியின்றிக் கரைத்து, பின் ஒரு கோப்பைத் தண்ணீருடன் மெல்லிய நெருப்பில் துழாவிக் காய்ச்ச வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் புளித்துவிடுமாதலால் வேண்டிய அளவே காய்ச்சுக.

இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க பாடங்கள் மூன்று உண்டு. முதலாவது, எருதும் கழுதையும் நற்செய்தியில் இல்லை. எசாயா முதலாம் அதிகாரத்திலிருந்தே வந்தன. மிருகம் தன் எசமானை அறியும், மக்களோ அறியவில்லை என்பது இறைவாக்கினரின் முறைப்பாடு. இரண்டாவது, தொட்டியை நத்தார் இரவுவரை வெறுமையாய் விடுக. நாள்தோறும் மறைவாய் ஒரு நற்செயல் செய்த பிள்ளை ஒரு வைக்கோலை அதில் இடலாம். மூன்றாவது, ஞானிகளை முதல் நாளிலேயே குடிலுக்குள் நிறுத்த வேண்டாம். அறையின் மறுமூலையில் வைத்து, திருக்காட்சிப் பெருவிழாவரை நாளுக்குச் சிறிது தூரம் நகர்த்துக. அவர்கள் வீட்டுக்குள் சென்று பிள்ளையைக் கண்டார்கள் என மத்தேயு எழுதுகிறார். தேடி நடந்தவர்களே கண்டடைந்தார்கள் என்பதை அப்பிள்ளை மறவாது.

3. நட்சத்திரக் கூடு

பட்டங் கட்டத் தெரிந்த தகப்பனுக்கு நட்சத்திரம் பெரிய வேலையன்று. ஒரே பருமனாய்ச் சீவிய மூங்கிற் தடிகள் பத்து எடுக்க. ஒவ்வொன்றும் 25 அங்குலம். இரு முனையிலும் அரை அங்குலம் கட்டுக்கு விடுக.

கையெடாமல் நட்சத்திரம் கீறுவதுபோல் ஐந்து தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து, ஐந்து முனைகளையும் நூலாற் கட்டுக. தடிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடம், கட்டிலிருந்து 9 அங்குலத்துக்குச் சற்று மேல் அமையுமானால் நட்சத்திரம் நேராய் உள்ளது என்று அறிக. இவ்வாறே இரண்டாவது நட்சத்திரத்தையும் கட்டி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, முனைகள் ஐந்தையும் சேர்த்துக் கட்டுக. பின் உட்புற வெட்டுமூலைகள் ஐந்திலும் 4 அங்குலக் குச்சி ஒவ்வொன்றை இடையிற் கொடுத்து நிமிர்த்தினால் வயிறு புடைத்த கூடு கிடைக்கும். இனி ரிசுக் கடதாசி. முன்பக்கத்துக்கு முக்கோணம் ஐந்து, நடுவில் ஐங்கோணம் ஒன்று, பின்பக்கத்துக்கும் அவ்வாறே, விலாப்புறங்களுக்கு ஒடுங்கிய துண்டுகள் பத்து. விலாப்புறத்தில் ஒரு துண்டை ஒட்டாமல் விட்டு, அவ்வழியே சிறிய எல்.ஈ.டி. மின்குமிழை உட்செலுத்துக. மெழுகுதிரியையோ சூடேறும் பழைய குமிழையோ கடதாசிக் கூட்டினுள் வைக்கவே கூடாது.

தடி சீவுவது தகப்பன், நூல் பிடிப்பது மூத்தவன், கடதாசி வெட்டுவது மகள், பசை பூசுவது கடைக்குட்டி. கோணலாய் ஒட்டினாலும் உரித்து எறிந்து பிள்ளையின் மனத்தை முறிக்க வேண்டாம். ஞானிகளுக்கு வழி காட்டிய ஒளி, கோணற் கடதாசிக்குள்ளாலும் பிரகாசிக்கும்.

4. அடுப்படியும் மறைக்கல்விக் கூடமே

பெத்லகேம் என்னும் எபிரேயப் பெயருக்கு அப்ப வீடு என்பது பொருள். அப்பமாய் நமக்குத் தம்மைத் தருபவர் அப்ப வீட்டிலே பிறந்தார். மூன்று மரக்கால் மாவில் ஒரு பெண் புளிப்பை வைத்த உவமையை ஆண்டவர் சொன்னபோது, நாசரேத்தில் தம் தாயார் மாப் பிசைந்ததை நினைந்திருப்பார் என எண்ணுவது தகும். ஆகையால் மாவும் அடுப்பும் அற்பமானவையல்ல.

நத்தார் கேக்கு நம் நாட்டில் றவை, முட்டை மஞ்சட்கரு, கஜு, முந்திரிகை வற்றல், பூசணி அல்வா, தேன், பன்னீர் எனப் பலவும் சேர்த்துச் செய்யப்படுவது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் இப்பொருட்களின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாததாயிற்று. எட்டாவிட்டால் விட்டுவிடுக. கடன்பட்டுச் செய்த கேக்கு தை மாதத்திற் கசக்கும். பயற்றம் பணியாரம் நத்தாருக்குக் குறைந்த பலகாரமன்று.

அரைக் கிலோ பயற்றைப் பொன்னிறமாய் வறுத்து, உடைத்துக் கோது நீக்கி மாவாக்குக. பாதித் தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்து மாவுடன் சேர்த்து, ஏலம், சீரகம், மிளகுத் தூள் சிறிதளவு இடுக. 400 கிராம் சீனியை ஒரு தம்ளர் தண்ணீரிற் காய்ச்சிப் பாகாக்கி, சூட்டோடு மாவிற் சிறிது சிறிதாய் ஊற்றிக் குழைத்து, ஆறுமுன் சிறு உருண்டைகளாய்ப் பிடிக்க வேண்டும். அரிசி மாவைத் தேங்காய்ப் பாலிலே தோசை மாப் பதத்துக்குக் கரைத்து, உப்பும் மஞ்சளும் இட்டு, உருண்டைகளை அதில் தோய்த்து எண்ணெயிற் பொரித்தெடுக்க. அளவு வீட்டுக்கு வீடு மாறும். பேத்தியாரின் கைப்பதமே இறுதித் தீர்ப்பு.

ஆண்பிள்ளைகளும் உருண்டை பிடிக்கட்டும். நத்தாருக்கு முதல் நாள் தாய் ஒருத்தி மட்டும் புகையில் நின்று இடுப்பொடிந்து, நடுச்சாமத் திருப்பலியில் நித்திரை தூங்குவாளாயின், அவ்வீட்டில் நத்தார் அவளுக்கு மட்டும் வரவில்லை என்றே சொல்ல வேண்டும். இதைக் குடும்பத் தலைவர்கள் மனத்திற் கொள்க.

5. பங்கு அனுப்புதல்

நெகேமியா எட்டாம் அதிகாரத்திலே, திருநாளன்று உண்டு மகிழும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டபோது, ஒன்றும் ஆயத்தஞ் செய்யாதவர்களுக்குப் பங்கு அனுப்பும்படியும் கட்டளை பிறந்தது. ஆகவே முதற் தட்டை வெளியே அனுப்பிய பின்னரே வீட்டார் உண்பது அழகு.

யாருக்கு? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நமக்குத் தட்டு அனுப்பும் சைவ அயலவர்களுக்கு முதலில். அடுத்து, அவ்வருடத்தில் சாவு நிகழ்ந்த வீட்டுக்கு. அங்கே பலகாரம் சுடுவதில்லை. உறவினரும் அயலவரும் கொண்டுபோய்க் கொடுப்பதே நம் ஊர் வழக்கம். அவ்வழக்கம் தேய்ந்து வருகிறது. கொண்டு போவது உருண்டையாயினும், உண்மையிற் கொடுப்பது அருகில் இருந்து பேசும் கால் மணித்தியாலம். பின்னர், பிள்ளைகள் யாவரும் வெளிநாடு சென்றுவிடத் தனித்திருக்கும் முதியோர்க்கு. அவர்களிடம் பணம் வரும், தொலைபேசியில் முகமும் வரும். வாசற் படலையைத் திறந்துகொண்டு பிள்ளை ஒன்று ஓடி வருவதில்லை. உங்கள் பிள்ளையை அனுப்புங்கள்.

6. நத்தார் இரவில் வீட்டுச் செபம்

கோவிலுக்குப் புறப்படுமுன், அல்லது வந்த பின், யாவரும் குடிலின் முன் கூடுக. வீட்டில் மூத்தவர் சிலுவை அடையாளத்துடன் தொடங்க, வாசிக்கத் தெரிந்த இளையவர் லூக்கா 2:1-14ஐ வாசிக்க, கடைசிப் பிள்ளை பாலனைத் தொட்டியில் வைக்கட்டும். பிரிந்து தூரத்தில் இருப்போர், மரித்தோர், காணாமற் போனோர் ஆகியோரைப் பெயர் சொல்லி நினைந்து, கர்த்தர் கற்பித்த செபமும் மங்கள வார்த்தைச் செபமும் சொல்லி, ஒரு பாட்டுப் பாடி முடிக்கலாம். பத்து நிமிடங்களுக்கு மேற் செல்லாது.

குடும்பமாய்ச் சிந்திக்க:

அ. இவ்வருடம் நாம் கடையில் வாங்காமல் கையாற் செய்யப்போகும் ஒரு பொருள் எது? யார் யாருக்கு எந்த வேலை?

ஆ. நம் ஒழுங்கையில் இவ்வருடம் பலகாரம் சுடாத வீடு எது? அங்கு போவது யார்?

இ. நம் பேரனார் பேத்தியார் எந்தச் செபத்தை நமக்குச் சொல்லித் தந்தனர்? அதை நம் பிள்ளைகள் அறிவார்களா?

கடதாசி நட்சத்திரம் மழையில் நனைந்து கிழியும். பணியாரம் கிழமைக்குள் முடியும். நெற் பயிர் தை பிறக்க வாடும். ஆனால் பிள்ளையின் கையிற் பட்ட பசையும் காதில் விழுந்த செபமும் அவன் எந்தத் தேசத்துக்குப் போனாலும் கூடவே செல்லும். அதை அவனுக்குக் கொடுக்கும் கடமை நம்முடையது. பாலன் இயேசு உங்கள் இல்லங்களில் வந்து தங்குவாராக.