கைபேசியில் இணையம் நின்றால்: குறையைக் கண்டறியும் முறை

போடிநாயக்கனூரிலும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும், நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் விடப்படுவதை உறுப்பினர் அனைவரும் அறிவர். அன்று படிந்த விலை சிறிது நேரத்திலேயே ராசிங்காபுரத்து விளைவிப்போரின் கைபேசிக்கு வந்துவிடுகின்றது. நெசவாளர் நூலுக்குப் பணம் அனுப்புவதும், சேலையின் படத்தை வியாபாரிக்குக் காட்டுவதும் அதே கருவியில்தான். ஆதலின், ‘நெட் வரவில்லை’ என்பது இன்று பொழுதுபோக்கிற்கு நேர்ந்த இடையூறு அன்று. தொழிலுக்கு நேர்ந்த இடையூறாகும். இதனை எவ்வாறு ஆராய்ந்து நீக்குவது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

தறி ஓடாது நின்றால் நெசவாளர் தறியையே பிரித்துப் போடுவதில்லை. பாவிழை அறுந்ததா, நாடா சிக்கியதா, தார் தீர்ந்ததா என்று முறையாகப் பார்க்கின்றார். தோட்டத்தில் நீர் வரவில்லையெனில், மின்சாரம், மோட்டார், குழாய், வாய்க்கால் என வரிசையாகச் சோதிக்கின்றோம். கைபேசிக்கும் அதே முறை பொருந்தும். இணையம் நம்மிடம் வந்து சேர நான்கு இடங்களைக் கடக்க வேண்டும். முதலாவது நம் கருவி, இரண்டாவது சிம் அட்டையும் அதன் கணக்கும், மூன்றாவது டவர், நான்காவது நாம் திறக்கும் செயலியும் அதனை நடத்துவோரின் கணினியும். குறை இந்நான்கில் எங்கே உள்ளது என்று அறிவதே பாதி வேலை.

மூன்று கேள்விகள்

முதற்கண், அருகில் அதே கம்பெனியின் சிம் வைத்திருப்பவருக்கு இணையம் வருகின்றதா என்று கேட்க வேண்டும். அவருக்கும் இல்லையெனில் குறை டவரில் உள்ளது. நம் கருவியை நோண்டுவதில் பயனில்லை. இரண்டாவதாக, பேச்சு அழைப்பு போகின்றதா என்று பார்க்க வேண்டும். பேச்சு நன்கு கேட்டு, இணையம் மட்டும் இல்லையெனில், டேட்டா தீர்ந்திருக்கலாம். அன்றி அமைப்பில் குறை இருக்கலாம். மூன்றாவதாக, எல்லாச் செயலிகளும் நின்றனவா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் எனில் குறை அச்செயலியைச் சார்ந்தது. அதனைப் புதுப்பித்தோ, சிறிது நேரம் பொறுத்தோ பார்க்கலாம்.

செய்ய வேண்டிய வரிசை

1. விமானக் குறியை அழுத்திப் பத்து நொடி கழித்து மீண்டும் நீக்குக. கருவி டவருடன் புதிதாகத் தொடர்பு கொள்ளும். பயன் இல்லையெனில் கருவியை அணைத்து மீண்டும் இயக்குக. சிறு குறைகள் பல இவ்வளவில் தீர்ந்துவிடும்.

2. டேட்டா பொத்தான் திறந்துள்ளதா, இரண்டு சிம் உள்ள கருவியில் டேட்டா இருக்கும் சிம் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று காண்க.

3. ரீசார்ஜ் முடிந்ததா, அன்றைய அளவு தீர்ந்ததா என்று பார்க்க. நாளளவு தீர்ந்தபின் வேகத்தை நொடிக்கு 64 கிலோபிட் என்ற அளவுக்குக் குறைத்துவிடுவது பல திட்டங்களில் வழக்கம். அப்போது எழுத்துச் செய்தி போகும், படம் போகாது.

4. நாளும் மணியும் சரியாக உள்ளனவா என்று நோக்குக. வங்கிச் செயலிகள் ஒவ்வொரு முறையும் எதிர்ப்புறத்துக் கணினியின் சான்றைச் சோதிக்கின்றன. அச்சான்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கருவியின் நாள் தவறாயின் நல்ல சான்றும் செல்லாததாகத் தோன்றும்.

5. புதிய கருவியோ புதிய சிம்மோ ஆயின், ஏ.பி.என். என்னும் அமைப்பைப் பார்க்க. பி.எஸ்.என்.எல்.லுக்கு ‘பிஎஸ்என்எல்நெட்’ என்றும், ஜியோவுக்கு ‘ஜியோநெட்’ என்றும், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளியின்றி இருத்தல் வேண்டும். பழைய சிம் 4ஜி சேவைக்கு உரியதன்று எனில், கம்பெனியின் அலுவலகத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

6. இறுதியாக, நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பலாம். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் அழியும்; பெயர்களும் படங்களும் அழியா. ஆனால் முழுக் கருவியையும் அழிக்கும் வேறொரு பொத்தானும் அருகிலேயே இருக்கும். படித்துப் பார்த்தே அழுத்துக.

மலைச்சரிவுக்கு உரியவை

வானொலி அலை மலையை ஊடுருவிச் செல்லாது. பள்ளத்தில் நிற்பவருக்கு டவர் அருகிலிருந்தும் பயனில்லை. சில அடி ஏறி வெளியான இடத்தில் நின்றால் சிக்னல் கிடைப்பதுண்டு. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் நெடுந்தொலைவு செல்லும்; 2300 போன்ற உயர்ந்த அலைகள் மிகுதியான டேட்டாவைச் சுமப்பினும் விரைவில் நலியும். 5ஜி நலிந்த இடத்தில் கருவி அதனைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்க்கும். அங்கே 4ஜியை மட்டும் தேர்ந்துகொள்வது நலம்.

போடிமெட்டைக் கடந்து ஏலத் தோட்ட வேலைக்குச் செல்வோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் தனித்தனித் தொலைபேசி வட்டங்கள். எல்லையில் கருவி கேரளத்து டவரைப் பற்றிக்கொள்ளும்போது, சில கருவிகளில் ‘டேட்டா ரோமிங்’ திறந்திருந்தாலன்றி இணையம் வராது. உள்நாட்டில் இதற்குப் பெரும்பாலான திட்டங்களில் இப்போது தனிக் கட்டணம் இல்லை. விபத்தோ காட்டுத் தீயோ நேரின் 112 என்னும் எண்ணை அழைக்க. நம் கம்பெனியின் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு கம்பெனியின் டவர் எட்டினால் அவ்வழைப்பு போகும்.

பணம் நடுவழியில் நின்றால்

பணம் அனுப்பும்போது இணையம் அறுந்தால் உடனே மறுமுறை அனுப்புதல் கூடாது. முதலில் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். யு.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய தொகை நம் கணக்கில் கழிந்தும் அவர் கணக்கில் சேரவில்லையெனில், மறுநாளுக்குள் அது திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதாயின் ஐந்து நாளுக்குள் தீர்க்கப்பட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் விதித்துள்ளது. இணையமே இல்லாத இடத்தில், வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99# என அழுத்தியும் பணம் அனுப்பலாம். ஓ.டி.பி. குறுஞ்செய்தியாக வருவது; அதற்குச் சிக்னல் போதும், டேட்டா வேண்டுவதில்லை.

ஐயுற வேண்டிய குறை

அண்டை வீட்டாருக்கெல்லாம் சிக்னல் இருக்க, நம் கருவியில் மட்டும் திடீரென்று மறைந்து, கருவியை அணைத்து இயக்கியும் வரவில்லையெனில் வாளாவிருத்தல் ஆகாது. நம் பெயரில் வேறொருவர் மாற்று சிம் பெற்றிருக்கக்கூடும், ஓ.டி.பி. அவர் கைக்குச் செல்லும். உடனே வேறு கருவியிலிருந்து கம்பெனிக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும். இத்தகைய மோசடியைத் தடுக்கவே, சிம் மாற்றியபின் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி நிறுத்திவைக்கப்படுகின்றது. எனவே ஓ.டி.பி. தேவைப்படும் நாளுக்கு முந்திய நாளில் சிம் மாற்றாதிருப்பது நன்று. ‘சிம் நின்றுவிடும், இச்செயலியை ஏற்றுங்கள்’ என்று அழைப்பவர் சொல்லை ஏற்றல் வேண்டா.

கூடிச் செய்ய வேண்டியது

குறை டவரில் எனத் தெரிந்தால், கம்பெனியில் முறையிட்டுப் பதிவு எண்ணை எழுதி வைக்க வேண்டும். தீர்வு கிட்டவில்லையெனில் அக்கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். தனியொருவர் ‘சரியாக வருவதில்லை’ என்று சொல்வது எளிதில் தள்ளப்படும். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று பல உறுப்பினர் குறித்த பட்டியல் ஒன்று, பதிவு எண்களுடன் சங்கத்தின் வழியே சென்றால் எளிதில் தள்ளப்படாது. ஒவ்வோர் உறுப்பினரும் இத்திங்கள் முழுவதும் அவ்வாறு குறித்துவரத் தொடங்குவாராக.