முட்டிவலி போனாலும் ஊசியை விடாதீர்கள்

ருமாட்டிக் காய்ச்சலை மூட்டு நோய் என்றே பலர் நினைக்கிறார்கள். மூட்டு வலி சில வாரங்களில் சுவடில்லாமல் போய்விடும். இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. 5 முதல் 15 வயதுக்குள் உள்ள பிள்ளைகளைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப் புண் வந்து ஆறி, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைகாட்டும்.

செய்ய வேண்டியவை

• காய்ச்சல், விழுங்க முடியாத தொண்டை வலி, கழுத்தில் நெறி என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்ட்ரெப் கிருமிதான் என்றால், தொண்டை வலி தொடங்கிய 9 நாளுக்குள் பெனிசிலின் ஆரம்பித்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். மாத்திரை கொடுத்தால் 10 நாளும் போட வேண்டும்.

• இன்று முழங்கால், இரண்டு நாளில் கணுக்கால், பிறகு முழங்கை என்று வீக்கம் இடம் மாறுகிறதா? உடனே காட்டுங்கள்.

• எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தே ஆகவேண்டும். ஸ்டெதாஸ்கோப்பில் எதுவும் கேட்காத பிள்ளைக்கும் வால்வில் கசிவு இருக்கலாம். இந்நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2015இல் திருத்தப்பட்ட ஜோன்ஸ் விதிகள் இதை வலியுறுத்துகின்றன.

• நோய் உறுதியானால் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சதின் பெனிசிலின் ஊசி. 27 கிலோவுக்குக் குறைவென்றால் 6 லட்சம் யூனிட், மற்றவர்களுக்கு 12 லட்சம். இதயம் தப்பியிருந்தால் 5 ஆண்டு அல்லது 21 வயது வரை, எது நீண்டதோ அது. வால்வு பழுது தங்கிவிட்டால் குறைந்தது 10 ஆண்டு அல்லது 40 வயது வரை, இதிலும் எது நீண்டதோ அது. சிலருக்கு ஆயுள் முழுக்க. வலிக்கிற ஊசிதான். ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு ஏன் இது என்று பெற்றோர் மனம் இளகுவதும் புரிகிறது. ஆனால் ஊசி விட்டுப்போன இடைவெளியில் இன்னொரு தொண்டைப் புண் வந்தால் நோய் திரும்பும். திரும்பும் ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் கெடும். அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஊர் மாறினால் ஊசி அட்டையும் கூடவே போகட்டும்.

செய்யக்கூடாதவை

• ரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.ஓ. (ஸ்ட்ரெப் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள்) அளவு கூடுதல் என்ற ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். கிருமி வந்துபோனதை மட்டுமே அது காட்டும். அதை நம்பி வருடக்கணக்கில் ஊசி போடுவது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

• நோய் இன்னதென்று தெரியுமுன் ஆஸ்பிரின், புரூஃபென் கொடுக்காதீர்கள். வீக்கம் சட்டென வற்றி, அடையாளமே மறைந்துவிடும். அதுவரை வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

• கை கால் தானாக வெட்டி இழுத்து, கையெழுத்துக் கோணலாகி, காரணமின்றி அழும் பிள்ளையைச் சேட்டை என்று அடிக்காதீர்கள். அது கொரியா; இந்நோய் மூளையைத் தொட்டதன் அடையாளம். தொண்டைப் புண் ஆறிப் பல மாதம் கழித்தும் வரலாம்.

• கர்ப்பம் என்று ஊசியை நிறுத்தாதீர்கள். பெனிசிலின் கருவைப் பாதிக்காது. வால்வு பழுதை மகப்பேறு மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது. பேறுகாலத்தில் இதயத்தின் சுமை கூடும்.

• வால்வு மிகவும் கெட்டு மூச்சு வாங்குபவர்களுக்கு வழக்கமான ஊசியை யோசிக்காமல் போட்டுவிடக்கூடாது. அவர்களுக்கு ஊசியா மாத்திரையா என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும்.