மன்றத்துக் கணக்கில் மனக்கசப்பு வேண்டாம்

பொங்கல் விளையாட்டு விழாவுக்காக இளைஞர் நற்பணி மன்றம் கூடுகிறது. பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் எவ்வளவு, கபடிப் பரிசுக்கு எவ்வளவு, மாலை டியூஷன் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்க மிச்சம் இருக்குமா என்று பேச்சு தொடங்கும். நடுவில் ஒரு குரல் எழும்: "போன வருஷக் கணக்கே இன்னும் வரல." பொருளாளர் முகம் சிவந்துவிடும். அதற்குப் பிறகு பேசுவதெல்லாம் மானப் பிரச்சினை.

ஆகவே புது பட்ஜெட்டைப் பேசுமுன் பழைய கணக்கை முடியுங்கள். வரவு செலவை ஒரு தாளில் எழுதி, ரசீதுகளின் படத்தோடு, கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். நன்கொடை யாருடைய சொந்த ஜிபே எண்ணுக்கும் வரக்கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் பேச்சு வரும். மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவானபின் கணக்கைப் பொதுக்குழுவில் வைப்பது சட்டக் கடமை. கணக்குக் கேட்கும் தம்பி யாரையும் அவமதிக்கவில்லை. உறுப்பினருக்குரிய உரிமையைத்தான் கேட்கிறார்.

கேட்கும் விதம் முக்கியம். "18,000 ரூபா எங்க போச்சு?" என்றால் எதிரில் இருப்பவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். "அண்ணே, மைக் செட்டுக்கு 18,000 போட்டிருக்கீங்க. இன்னும் ரெண்டு இடத்துல விலை கேட்டுட்டு முடிவு பண்ணலாமா?" என்றால் இருவரும் ஒரே தாளைப் பார்க்கிறார்கள். பதில் சொல்பவருக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். "என்னையே சந்தேகப்படுறியா?" என்ற கேள்வியை மன்றத்தில் யாரும் கேட்கவே கூடாது. அது வந்தபின் எந்தக் கணக்கும் பேச முடியாது.

அண்ணன்கள் முதலில் பேசிவிட்டால் தம்பி தங்கைகள் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் நம் மன்றங்களின் பெரிய குறை என்பேன். வயதில் சிறியவரிடமிருந்து தொடங்கி வரிசையாகக் கருத்துக் கேளுங்கள், தலைவர் கடைசியில் பேசட்டும். பெண்கள் வரமுடியாத இரவு நேரத்தில் செலவு முடிவு எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் பணத்தகராறு தொடங்கினால், "கூட்டத்தில் பேசுவோம்" என்று ஒரே வரியில் நிறுத்துங்கள்.

சில சண்டைகளுக்கு விடை கையிலேயே இருக்கும். டியூஷனுக்கென்று ஒருவர் கொடுத்த பணத்தை மேடைச் செலவுக்கு எடுக்கக்கூடாது. அதில் விவாதமே இல்லை. மொத்தச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொல்லி, ஃபிளெக்ஸில் தம் படம் பெரிதாக வரவேண்டும் என்பவரின் பணம் வேறு வகை. அதை வாங்குவதா என்பதை எல்லோரும் கூடி, வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யவேண்டும்.

எவ்வளவு பேசியும் ஒத்துவராவிட்டால் மட்டும் வாக்கெடுப்பு. முடிந்ததும் தோற்ற தரப்பின் காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அவர்களில் ஒருவரையே செலவுக் குழுவில் சேர்த்து, ரசீதுப் புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள்.