சின்ன டர்போ எஞ்சின்: வாய்வார்த்தையை எழுத்தில் வாங்குங்கள்

கேள்வி: செஞ்சியில் வசிக்கிறேன். திண்டிவனத்தில் ஆசிரியர் வேலை. வீட்டில் அப்பா, அம்மா, மனைவி, மகள் என்று மொத்தம் ஐந்து பேர். வேலைக்குத் தினமும் திண்டிவனம், மாதம் ஒருமுறை சென்னை, அமாவாசைக்கு மேல்மலையனூர், அப்பாவின் சிகிச்சைக்குப் புதுச்சேரி. இதுதான் எங்கள் ஓட்டம். நான்கு மீட்டருக்குள் நீளமுள்ள 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். "லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கண்டிப்பா கிடைக்கும் சார்" என்கிறார் ஷோரூம்காரர். எங்கள் தெரு மெக்கானிக்கோ, "மூணு சிலிண்டர் டர்போ அஞ்சு வருஷம் தாங்காது, போச்சுன்னா பெரிய செலவு" என்கிறார். சொன்ன மைலேஜ் வராவிட்டால் வழக்குப் போடலாமா? டர்போ பழுதானால் பொறுப்பு ஷோரூமுக்கா, கம்பெனிக்கா? புதுச்சேரியில் இருக்கும் மைத்துனர், "என் விலாசத்துல பதிவு பண்ணிடுங்க மாமா, வரி மிச்சம்" என்கிறார். செய்யலாமா?

– வாசகர் ஒருவர், செஞ்சி

பதில்: முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள். இதுவே உங்களுக்குப் பாதி பலம். பெரும்பாலானோர் வண்டி மூன்றாம் முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போன பிறகுதான் வக்கீலைத் தேடுகிறார்கள். அப்போது கையில் ஒரு காகிதமும் இருப்பதில்லை.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பொருந்தாத எஞ்சினைத் தேர்ந்தெடுத்துவிட்டோமே என்ற வருத்தத்துக்குச் சட்டத்தில் நிவாரணம் இல்லை. கொடுத்த வாக்கு பொய்த்தால் உண்டு. பொருளில் குறை இருந்தால் உண்டு. ஆகவே எந்த வார்த்தையை நம்பிப் பணம் கட்டுகிறீர்களோ, அந்த வார்த்தை எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த எஞ்சின் எப்படி வந்தது?

சின்ன எஞ்சினுக்கும் குட்டையான காருக்கும் நம் நாட்டில் வரிச் சலுகை உண்டு. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது, 1200 சி.சி.க்கும் நான்கு மீட்டர் நீளத்துக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. அந்த எல்லைக்கோடு இன்றும் நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மீறினால் 40 சதவீதம். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். எஞ்சின் 1 லிட்டராக இருந்தாலும் கார் நான்கு மீட்டரைத் தாண்டினால் சலுகை போய்விடும். எல்லைக்குள் இருந்துகொண்டே பெரிய எஞ்சினின் இழுவையைத் தருவதற்கு நிறுவனங்கள் கண்ட வழிகளில் ஒன்று டர்போ. உங்கள் பில்லில் எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் சொன்னதில் ஒரு பாதியை ஒதுக்கிவிடலாம். மூன்று சிலிண்டர் என்பதாலேயே எஞ்சின் கெடாது. நம் சாலைகளில் முப்பது ஆண்டுகள் ஓடிய மாருதி 800 மூன்று சிலிண்டர் வண்டிதான். மறைமலைநகரில் தயாராகி 2013இல் வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டில் இருந்த 1 லிட்டர் டர்போ எஞ்சினும் மூன்று சிலிண்டர்தான். 2012 முதல் 2014 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகின் சிறந்த எஞ்சினுக்கான விருதைப் பெற்றது அது. மற்றொரு பாதியைக் கவனத்தில் கொள்ளுங்கள். டர்போ புகைப்போக்கி வாயுவின் வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் கருவி. அதன் உயிர் எஞ்சின் ஆயிலில் இருக்கிறது. தவறான ஆயில், தள்ளிப்போட்ட சர்வீஸ் இரண்டும் அதைக் கொன்றுவிடும். உங்கள் வாரண்டி வழக்கும் அதே இடத்தில்தான் செத்துப்போகும்.

மைலேஜ் வராவிட்டால்?

விளம்பரத்தில் வரும் மைலேஜ், புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சி சங்கம் போன்ற சோதனை அமைப்புகள் தரும் சான்றிதழ் எண். உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, வகுத்துவைத்த வேகங்களில் ஓட்டி எடுப்பது. அந்த மிதமான ஓட்டத்தில் டர்போவுக்கு வேலை குறைவு. ஐந்து பேர், ஏ.சி., முந்திச் செல்லும் வேகம் என்று வரும்போது டர்போ காற்றைத் திணிக்கும். காற்றுக்கு ஏற்ப பெட்ரோலும் கூடும். சின்ன டர்போ எஞ்சின்களில் சான்றிதழ் எண்ணுக்கும் சாலை எண்ணுக்கும் இடைவெளி விழுவதற்கு இதுவே முக்கியக் காரணம். எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு காரணம். லிட்டர் கணக்கில் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது.

எனவே சான்றிதழில் 20 என்று இருந்து உங்களுக்கு 16 கிடைத்தால், அதை மட்டும் வைத்து வழக்கு நிற்பது கடினம். "சோதனைச் சூழலில் எடுத்த அளவு" என்ற பொடி எழுத்து வாசகம் கம்பெனிக்குக் கவசமாக நிற்கும். ஆனால் சோதனைச் சூழல் என்ற பேச்சே இல்லாமல், "எங்கள் வண்டி இத்தனை கொடுக்கும்" என்று விற்பவரே எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் பிரிவு 2(28) திசைதிருப்பும் விளம்பரத்தையும், பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறையையும் விளக்குகின்றன. அந்த எழுத்து அவற்றுக்குள் வந்துவிடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கேரளத்தில் இருக்கிறது. லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்ற விளம்பரத்தை நம்பி 2014இல் ஃபோர்டு டீசல் கார் வாங்கியவர் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். நிபுணர் ஆணையர் வண்டியை ஓட்டிப் பார்த்ததில் 19.6 கிலோமீட்டர்தான் வந்தது. ஆணையம் 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் வழங்கச் சொன்னது. அங்கே வென்றது வாங்கியவரின் சொந்தக் கணக்கு மட்டுமல்ல. விளம்பர எழுத்தும் நிபுணர் அறிக்கையும் சேர்ந்து வென்றன. வித்தியாசமும் சிறியதல்ல, கிட்டத்தட்ட 40 சதவீதம். ஒன்றிரண்டு கிலோமீட்டர் குறைவுக்கு இந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

டர்போ பழுதானால் யார் பொறுப்பு?

வாரண்டி காலத்துக்குள் தயாரிப்புக் குறையால் பழுதானால் கம்பெனி பொறுப்பு. சர்வீஸில் தவறு செய்து பழுதாக்கினால் ஷோரூம் பொறுப்பு. யார் தவறு என்று நமக்குத் தெரியாதபோது இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பதே வழக்கம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் 82 முதல் 87 வரையிலான பிரிவுகள் தயாரிப்புப் பொறுப்பைப் பேசுகின்றன. பிரிவு 84இன்படி, எழுத்தில் கொடுத்த வாரண்டிக்குப் பொருள் ஒத்துவராததும், சரியாகப் பயன்படுத்தும் விதத்தைப் போதுமான அளவு சொல்லித் தராததும் கம்பெனியின் பொறுப்புக்குள் வரும். ஆனால் இழப்பு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ, பிரிவு 87 விற்றவருக்குத் துணை நிற்கும். ஆகவே வெளியில் கொடுத்து எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றி வேகம் கூட்டும் வேலையை நினைத்தும் பார்க்காதீர்கள்.

"டர்போ போய்விட்டது, புதுக் கார் கொடு" என்று கேட்க முடியுமா? உச்ச நீதிமன்றம் 2006இல் மாருதி உத்யோக் வழக்கில், வாரண்டி நிபந்தனை பாகத்தைச் சரிசெய்வதையும் மாற்றித் தருவதையும் மட்டுமே சொல்லியிருந்தால் முழு வண்டியை மாற்றச் சொல்ல முடியாது என்றது. 2022 ஏப்ரலில் ஹூண்டாய் வழக்கிலோ, விபத்தில் ஏர்பேக் விரியாததற்காக வண்டியையே மாற்றித் தரவேண்டும் என்ற உத்தரவை உறுதிசெய்தது. உயிர் காக்க வேண்டிய அமைப்பே கைவிடுவதும், மாற்றக்கூடிய ஒரு பாகம் பழுதாவதும் நீதிமன்றத்தின் கண்ணில் ஒன்றல்ல. டர்போ ஒருமுறை பழுதானால் இலவசமாகப் புதிய டர்போவை எதிர்பார்க்கலாம். திரும்பத் திரும்பப் பழுதாகி, சரிசெய்யவே முடியவில்லை என்று நிரூபித்தால் அதற்கு மேலும் கேட்கலாம்.

நிரூபிக்கும் சுமை உங்கள் மேல்தான். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். குறையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதபோது, பிரிவு 38இன்படி ஆணையம் அதைத் தகுந்த ஆய்வகத்தின் சோதனைக்கு அனுப்பலாம். அதற்கு முன் வெளி மெக்கானிக் டர்போவைப் பிரித்துவிட்டால், சான்றும் அதோடு பிரிந்துவிடும்.

புதுச்சேரிப் பதிவு

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும், வண்டி வழக்கமாக நிற்கும் மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். பொய்யான விவரம் தந்து பெற்ற பதிவை 55ஆவது பிரிவின்கீழ் ரத்து செய்யலாம். புதுச்சேரியில் பொய் விலாசம் கொடுத்துச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்ததாக 2017இல் கேரளத்தில் எழுந்த வழக்குகளை நாடே பார்த்தது. வரியை மிச்சம் பிடிக்கப் போய் மைத்துனரையும் அந்தச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

புதுச்சேரி ஷோரூமில் வாங்குவதில் தவறில்லை. தற்காலிகப் பதிவோடு கொண்டுவந்து, விழுப்புரம் மாவட்டத்தில் உங்கள் பகுதிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரி கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம்.

நேர்மையான வழியிலேயே வரி மிச்சம் பிடிக்க ஓர் இடம் உண்டு. 2023 நவம்பரில் திருத்திய விகிதப்படி தமிழ்நாட்டில் காருக்கான வாழ்நாள் வரி, 5 முதல் 10 லட்சம் வரை விலைக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்ச ரூபாய் காருக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.10 லட்ச ரூபாய் காருக்குச் சுமார் 1.82 லட்சம். விலையில் 20,000 ரூபாய் கூடினால் வரியில் 53,000 ரூபாய் கூடுகிறது. டர்போ வகையும் அதற்கு மேல் ஆட்டோமேட்டிக்கும் இந்தக் கோட்டின் மேல்தான் விலையைத் தள்ளும். வகையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கிடுங்கள்.

முன்பணம் கட்டும் முன்

1. ஷோரூமுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பம், தினமும் செஞ்சி–திண்டிவனம் ஓட்டம், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கிடைக்கும் என்று நீங்கள் சொன்னதை நம்பி வாங்குகிறோம் என்று எழுதி, பதில் கேளுங்கள். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவில், வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி விற்பவரின் அறிவை நம்பினால் பொருள் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற உள்ளார்ந்த நிபந்தனை உண்டு. வணிகப் பெயரைச் சொல்லி, குறிப்பிட்ட ஒரு பொருளையே கேட்டு வாங்கினால் அந்த நிபந்தனை பொருந்தாது என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. காரைப் பெயர் சொல்லித்தான் வாங்குகிறோம். எனவே வெளிப்படையான எழுத்து தேவை. பதிலில் அந்த எண்ணை உறுதிசெய்ய மறுத்தால், அந்த எண்ணின் மதிப்பு உங்களுக்கே தெரிந்துவிடும்.

2. முன்பண ரசீதில் ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என்பதைப் படியுங்கள். பில்லோ ரசீதோ தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை.

3. வாரண்டி புத்தகத்தை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். டர்போ எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் வரை அடங்கும், எந்த ஆயில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்று குறித்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பு வாரண்டி வாங்கினால், அதைத் தருவது கம்பெனியா வேறு நிறுவனமா என்று கேளுங்கள்.

4. ஐந்து பேரும் ஏறி, ஏ.சி. போட்டு, திருவண்ணாமலைச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். அதே காரின் டர்போ இல்லாத வகையையும் அப்படியே ஓட்டிப் பாருங்கள்.

5. வாங்கிய பிறகு, டேங்க் நிறைய நிரப்பி, அடுத்த முறை மறுபடி நிறைய நிரப்பிக் கணக்கிட்டு, பங்க் பில்களைக் கோப்பில் வையுங்கள். திரையில் தெரியும் மைலேஜ் மட்டும் சான்றாகப் போதாது.

புகார் எங்கே?

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஷோரூம் சென்னையில் இருந்தாலும் புதுச்சேரியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 இடம் தருகிறது. 50 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் மாவட்ட ஆணையத்தின் எல்லைக்குள் வரும். 5 முதல் 10 லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய். 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். "பார்க்கிறோம் சார்" என்று அவர்கள் அனுப்பும் பதில்கள் இந்தக் காலக்கெடுவை நீட்டிக்காது. நாட்களை நீங்கள்தான் எண்ண வேண்டும்.

இனி உங்கள் தேர்வு. உங்களுக்கு முக்கியம் பெட்ரோல் செலவு என்றால், டர்போ இல்லாத 1.2 லிட்டர் வகையே போதும். விலையும் 10 லட்சக் கோட்டுக்குள் நிற்க வாய்ப்பு அதிகம். நிறைந்த வண்டியில் பேருந்தையும் லாரியையும் தயங்காமல் முந்தும் இழுவைதான் முக்கியம் என்றால் டர்போவை எடுங்கள். ஆனால் மைலேஜ் குறைவையும் ஆயில் செலவையும் தெரிந்தே ஏற்றுக்கொண்டு எடுங்கள். தெரிந்தே ஏற்றுக்கொண்ட குறைக்காகப் பின்னால் ஆணையத்தின் படியேற முடியாது. மறைத்து விற்றதற்காகத் தாராளமாக ஏறலாம். அந்த நிலை வந்தால் உங்கள் மின்னஞ்சலும் ஜாப் கார்டும் பங்க் பில்லும் உங்கள் வக்கீலுக்கு முன்பே வாதாடியிருக்கும்.