வாளியில் கறுப்புக் கறையா? மாங்கனீசு பற்றி அறிவோம்



போன மாதக் கூட்டத்துக்கு ஒரு உறுப்பினர் தன் வீட்டு வெள்ளை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்பக்கம் கறுப்பாகப் படிந்திருந்தது. "தண்ணி பிடிக்கும்போது தெளிவாத்தான் இருக்குக்கா. மறுநாள் பாத்தா இப்படி. போர் தண்ணியில யாரும் எதையும் கலந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

யாரும் கலந்திருக்க வேண்டியதில்லை. செம்பழுப்புக் கறை என்றால் இரும்பு. கறுப்பு என்றால் பெரும்பாலும் மாங்கனீசு என்ற உலோகம். பாறையிலிருந்து கரைந்து வரும்போது கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டபின் மெல்லக் கறுக்கும்.

இந்தக் கறுப்பு நமக்குப் புதிதல்ல. பேட்டரிக் கட்டையை உடைத்து, கோவை இலையோடு தேய்த்து சிலேட்டுக்குப் பூசினோமே, அந்த மையில் கரியோடு இருப்பது மாங்கனீசு டை ஆக்சைடுதான். (நம் பிள்ளைகளை உடைக்க விடாதீர்கள். அந்தத் தூளை மூச்சில் இழுப்பது கெடுதல்.)

மாங்கனீசு இரும்பைப் போலக் கடினமானது, ஆனால் நொறுங்கிவிடும். மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட், மகாராஷ்டிராவின் நாக்பூர், ஒடிசா பகுதிகளில் கறுப்புக் கல்லாகத் தோண்டி எடுக்கிறார்கள். பெரும்பகுதி எஃகு ஆலைகளுக்கே போகிறது. 1882-ல் ஹாட்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் நூற்றுக்கு 12 பங்கு அளவில் இதைச் சேர்த்துச் செய்த எஃகு, அடிபட அடிபட இறுகும். தண்டவாளம் பிரியும் இடங்களில் அதைத்தான் போடுகிறார்கள்.

நம் எலும்புக்கும் இது வேண்டும். பெண்களுக்கு நாளைக்கு சுமார் 2 மில்லிகிராம் போதும். கேழ்வரகு, பயறு, கீரை சாப்பிட்டாலே கிடைத்துவிடும். மாத்திரை தேவையில்லை.

தண்ணீரில் கூடினால்தான் கவலை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 0.3 வரை. அளவு மீறிய தண்ணீரைப் பல காலம் குடித்தால் மூளை, நரம்பைப் பாதிக்கலாம். கைக்குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். அதனால் கறை படியும் தண்ணீரில் பால் பவுடர் கலக்காதீர்கள். கொதிக்க வைத்தாலும் மாங்கனீசு போகாது. மணல் வடிகட்டியில் இரும்பு போகிற அளவுக்கு இது போகாது. வெள்ளைத் துணியை இந்தத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊற வைத்தால் கறை இன்னும் ஏறும்!

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடம் உண்டு. மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள். "மாங்கனீசும் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அளவு கூடியிருந்தால் அந்தத் தாளோடு கிராம சபைக்குப் போய், வேறு நீராதாரம் கேட்டுத் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். மார்ச் 22 தண்ணீர் தினத்திலும் கிராம சபை உண்டு. வாளியையும் எடுத்துப் போங்கள்.